பல்லின் வேர்

ஆறேழு வயதுச் சிறார்க்குப் பாற்பல் விழும் காலம் மகிழ்ச்சியும் அச்சமும் கலந்த காலமாகும். விழுந்த பல்லைச் சாணத்துள் பொதிந்து கூரைமேல் எறிதல் நம் சிற்றூர்களில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். அவ்வாறு எறிவதற்கு முன் அப்பல்லை உள்ளங்கையில் வைத்து உற்று நோக்கியவர் உங்களுள் எத்தனை பேர்? நோக்கியிருப்பின் ஒன்று புலப்பட்டிருக்கும். அப்பல்லுக்கு வேர் இராது. மேலே வெண்மையான தலை, கீழே குழிந்து சொரசொரப்பான ஓர் ஓரம், அவ்வளவே. தோட்டத்துச் செடியைப் பிடுங்கினால் அது வேரொடு வருகின்றது. பாற்பல் மட்டும் வேரின்றி வருவது ஏன்? அதன் வேர் முறிந்து ஈற்றினுள் தங்கிவிட்டதோ?

அவ்வாறன்று, வேர் கரைந்துபோயிற்று. பாற்பல்லுக்கும் ஒரு காலத்தில் நீண்ட வேர் இருந்தது. அதன் அடியில் நிலைப்பல் உருவாகி மேலெழும் பொழுது, நம் உடம்பிலுள்ள ஒருவகை உயிரணுக்கள் அங்கு வந்து கூடிப் பாற்பல்லின் வேரைச் சிறிது சிறிதாக அரித்துக் கரைக்கின்றன. வேர் முழுதும் கரைந்தபின் பிடிப்பற்ற பல் ஆடி விழுகின்றது. இயற்கை செய்யும் நற்பணி இஃது. இப்பணி நடவாவிடின் பாற்பல் வழிவிடாது; நிலைப்பல் இடமின்றிக் கோணி முளைக்கும்.

ஆறு வயதில் நன்மை செய்யும் இவ்வரிப்பு, பதினாறு வயதில் நிலைப்பல்லின் வேரில் நிகழுமாயின் என்னாகும்? நிலைப்பல்லுக்குப் பின் முளைப்பதற்கு வேறொரு பல் இல்லை. வேரின் எப்பகுதி கரைந்து நீளம் குறைந்ததோ, அந்நீளம் மீண்டும் வளர்வதும் இல்லை. பல்வரிசையைத் திருத்துதற்குக் கம்பி கட்டும் மருத்துவத்தின்போது இந்நிகழ்ச்சி பலர்க்குச் சிறிய அளவிலும் மிகச் சிலர்க்குப் பெரிய அளவிலும் நேர்கின்றது. அஃது ஏன் நேர்கின்றது, யாவர்க்கு நேரும் வாய்ப்பு மிகுதி, அதனை எவ்வாறு முன்னறியலாம் என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

பல்வரிசையின் ஒழுங்கின்மையைக் குறிக்க நம் மக்கள் வழக்கில் நல்ல சொற்கள் உண்டு. முன்னோக்கி நீண்டிருப்பது எத்துப்பல். ஒன்றன்மேல் ஒன்று ஏறி முளைத்திருப்பது தெத்துப்பல். தெத்துப்பல் தெரியச் சிரிக்கும் சிரிப்பை அழகென்று பாராட்டுவோர் முன்னும் இருந்தனர், இன்றும் உளர். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆயினும் நெருங்கி முளைத்த பற்களின் இடுக்கில் உணவுத் துணுக்குகள் தங்கும். அவற்றைத் தூய்மை செய்தல் அரிது. சிலர்க்கு மெல்லுதலும், சில எழுத்துக்களைத் திருத்தமாக ஒலித்தலும் இடர்ப்படும். எத்துப்பல் உடைய சிறுவன் கால் இடறி விழுந்தால் முதலில் அடிபடுவது அப்பல்லே. ஆதலின் பல்வரிசையைத் திருத்தும் மருத்துவம் வேண்டற்பாலதே. சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக 1953ஆம் ஆண்டில் பல் மருத்துவக் கல்வி தொடங்கப்பெற்றது. அக்காலத்தில் பல்லிற் கம்பி கட்டியவர் ஒருவரைக் காண்பதே அரிது. இன்றோ, எங்கள் சின்னமனூர்ப் பள்ளிகளிலேயே வகுப்புக்கு இரண்டொருவர் கம்பியணிந்த பல்லோடு வருகின்றனர்.

இனி, எலும்பில் ஊன்றி நிற்கும் பல் எவ்வாறு இடம் பெயர்கின்றது என்பதை அறிதல் வேண்டும். சின்னமனூரை ஒட்டி ஓடும் ஆற்றை முல்லையாறு என்பர். சுருளியாறு என்பாரும் உளர். அவ்வாறு வளையும் இடங்களில் ஒரு கரையை அரித்துக்கொண்டும் மறுகரையில் மணலை இட்டுக்கொண்டும் செல்லும். ஆண்டுகள் பல கழிந்தபின் நோக்கினால் ஆறே சற்று இடம்மாறி ஓடக் காணலாம். பல்லும் இவ்வாறே எலும்பினூடே நகர்கின்றது. பல்லின் வேருக்கும் அதனைத் தாங்கும் தாடையெலும்புக்கும் இடையே கால் மில்லிமீட்டர் அளவேயுள்ள மெல்லிய நாரிழைப் படலம் ஒன்று உண்டு. அதில் நுண்ணிய குருதிக் குழாய்கள் நிறைந்துள்ளன. கம்பி ஒரு பக்கம் தள்ளும் பொழுது அப்பக்கத்துப் படலம் நெருக்குண்கின்றது. அங்கே எலும்பை அரிக்கும் உயிரணுக்கள் தோன்றி வழி திறக்கின்றன. எதிர்ப்பக்கத்தில் படலம் இழுபடுகின்றது. அங்கே எலும்பை ஆக்கும் உயிரணுக்கள் புதிய எலும்பை நிரப்புகின்றன. முன்னே கரைதலும் பின்னே நிறைதலுமாகப் பல் மெல்ல மெல்ல நகர்கின்றது.

நன்று, எலும்பை அரிக்கும் உயிரணுக்கள் அதற்கு எதிரேயுள்ள வேரையும் அரியாமல் விடுவது எதனால்? இவ்வினாவே நம் பொருளின் உயிர்நிலை. எங்கள் ஆற்றின் நீர் மண்கரையை அரிக்கும். கல்லாற் கட்டிய படித்துறையை எளிதில் அரிக்காது. பல்லின் வேரும் அத்தகைய காப்புடையது. வேரின் புறத்தே பற்காரை என்னும் மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. அதன்மேல் இன்னும் கடினமாகாத இளம் படலம் ஒன்று போர்த்திருக்கின்றது. அரிக்கும் உயிரணுக்கள் கடினமான சுண்ணப் பொருளையே பற்ற வல்லன. இவ்விளம் படலத்தின்மேல் அவை எளிதில் ஒட்டுவதில்லை. ஆகவே அளவான விசை செயற்படும்வரை எலும்பு கரையும். வேர் பெரும்பாலும் தப்பும்.

விசை மிகுந்தால் நிலைமை மாறுகின்றது. நெருக்குண்ட பக்கத்தில் நுண்குழாய்கள் நசுங்கிக் குருதியோட்டம் நின்றுவிடும். அவ்விடத்துத் திசு மடிந்து கண்ணாடி போன்ற ஒரு பொருளாகக் கிடக்கும். மடிந்ததை அகற்றுவது உடம்பின் இயல்பன்றோ? அதனை அகற்றத் துப்புரவு செய்யும் உயிரணுக்கள் வந்து சேர்கின்றன. அவை மடிந்த பொருளை அகற்றுங்கால், அதனை ஒட்டியுள்ள வேரின் காப்புப் படலமும் சிதைகின்றது. பின்னர்ப் பற்காரையும் அரிக்கப்படுகின்றது. பெருவெள்ளக் காலத்தில் படித்துறைக் கற்களின் அடிமண் கரைந்து கற்கள் பெயர்தலை இதனோடு ஒப்பிடலாம். விசை குறைந்தவுடன் வேரின் பக்கங்களில் ஏற்பட்ட சிறு குழிகள் புதிய பற்காரையால் தூர்ந்துவிடும். கம்பி கட்டியவர் யாவர்க்கும் இத்தகைய நுண்குழிகள் தோன்றி ஆறியிருத்தல் கூடும், அதனால் தீங்கில்லை. வேரின் கூர்நுனியிலோ, பல திசைகளிலிருந்து வரும் குழிகள் ஒன்றோடொன்று கூடி நுனியையே துண்டித்துவிடக் கூடும். துண்டிக்கப்பட்ட நுனி கரைந்துவிடும். எஞ்சிய வேரின் முனை மழமழப்பாக ஆறிவிடும்; நீளம் மட்டும் குறைந்தே நிற்கும்.

இவ்வுண்மை நெடுங்காலம் மறைந்து கிடந்தது. ஈற்றினுள்ளும் எலும்பினுள்ளும் இருக்கும் வேரைக் கண்ணாற் காண்பது எங்ஙனம்? எங்கள் பள்ளத்தாக்கிற்குப் பெரியாற்று அணையின் நீர் திறந்துவிடப்பட்டது 1895ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில். அதற்கடுத்த திங்களில்தான் செருமானிய அறிஞர் இராண்ட்கன் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்தார். இரண்டும் ஒரே ஆண்டின் கொடைகள். அமெரிக்க நாட்டில் எட்வர்டு ஆங்கிள் என்பார் 1899இல் பல்வரிசைக் கோளாறுகளை வகைப்படுத்தி, 1900இல் செயின்ட் லூயி நகரில் இம்மருத்துவத்திற்கெனத் தனிப்பள்ளி ஒன்றை நிறுவினார். அவருக்குப் பின் கம்பி கட்டும் கலை விரைந்து வளர்ந்தது. ஆயினும் கம்பி கட்டிய பல்லின் வேரை எக்ஸ்-கதிர்ப் படத்தில் முறையாக ஆராய்ந்தவர் தென்வர் நகரத்து ஆல்பர்ட் கெட்சம் ஆவார். 1927இலும் 1929இலும் அவர் வெளியிட்ட ஆய்வுகள் இத்துறையினரைத் திடுக்கிடச் செய்தன. பல்வரிசை அழகுற அமைந்தோர் பலரின் படங்களில் வேர்கள் குறுகியிருந்தன; அவர்களோ அதனைச் சிறிதும் உணர்ந்திலர்.

சிறிதும் உணர்ந்திலர் என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். சொத்தைப்பல் வலிக்கும், ஈற்றுநோயிற் குருதி கசியும். வேர் கரைதலில் வலியில்லை, வீக்கமில்லை, நிறமாற்றமில்லை. மிகுதியும் கரைந்தபின்னரே பல் சற்று ஆடுதல் கூடும். ஆதலின் யாவர்க்கு இது நேரும் என்பதைச் சில குறிகளால் முன்னறிந்து, படத்தால் உறுதி செய்தலே வழி.

மேல்வரிசையின் முன்பற்கள் நான்குமே இதற்கு மிகுதியும் ஆட்படுவன. அவற்றுள்ளும் நடுப்பல் இரண்டன் பக்கத்தே நிற்கும் சிறிய வெட்டுப்பற்கள் முதன்மையானவை. அவற்றின் வேர் ஒன்றே. அதுவும் கூம்பு வடிவினது. இதன் நீளம் ஏறத்தாழ 13 மில்லிமீட்டர். கோரைப்பல்லின் வேரோ 17 மில்லிமீட்டர் அளவு நீண்டு உறுதியாக நிற்கும். வேரின் வடிவமும் நோக்கற்பாலது. நுனி மழுங்காமலும் வளையாமலும் ஒழுங்காகக் கூம்பிய வேர், விசையைப் பரவலாகத் தாங்கும். மருந்துத் துளி விடும் கண்ணாடிக் குழலின் முனைபோல நுனி திடீரென மெலிந்த வேரும், கொக்கிபோல் வளைந்த வேரும் நுனியிலேயே விசை முழுதும் குவியப்பெற்று விரைந்து கரைகின்றன. இயல்பாகவே குட்டையான வேர் சிறிது கரையினும் அதற்கு அஃது பேரிழப்பாகும். இவ்வடிவங்கள் யாவும் முதற்படத்திலேயே தெரிந்துவிடும்.

குடும்பவழியும் உண்டு. உடன்பிறந்தாரை ஒப்பிட்டு நோக்கிய ஆய்வாளர், ஒருவர்க்கு வேர் மிகுதியும் கரைந்திருப்பின் மற்றவர்க்கும் அவ்வாறு நேரும் வாய்ப்புப் பெரிது எனக் கண்டனர். 2003ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று இதற்கும் ஒரு மரபணுவின் வேறுபாட்டிற்கும் தொடர்பு காட்டிற்று. ஆகவே அக்காளுக்குக் கம்பி கட்டிய பொழுது நேர்ந்ததைத் தங்கைக்குக் கட்டும் மருத்துவரிடம் சொல்லுதல் பயனுடையது.

முன்னர் அடிபட்ட பல் இன்னொன்று. இதனைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். ஏனெனில் இதில் என் பிழையும் அடங்கியுள்ளது.

என் பேத்திக்கு எட்டு வயது நிரம்பியிருந்த காலத்தில், விடுமுறைக்கு என்னிடம் வந்திருந்தாள். ஒருநாள் மாலை அவளை ஆற்றுப் படித்துறைக்கு அழைத்துச் சென்றேன். நான் பழைய மாணவர் ஒருவரோடு பேசிக்கொண்டு நின்றபோது அவள் பாசிபடிந்த படியில் வழுக்கி விழுந்தாள். மேலுதடு கிழிந்து குருதி வந்தது. முன்பல் ஒன்று சிறிது ஆடிற்று. வீட்டுக்கு வந்து மஞ்சள் பற்று இட்டேன். இரண்டு வாரத்தில் பல் உறுதியாயிற்று, தழும்பும் மறைந்தது. என் கவனக்குறைவு வெளிப்படுமே என்று, அவள் தாய் தந்தையரிடம் அதனைச் சொல்லாமலே விட்டுவிட்டேன். குழந்தையும் மறந்துவிட்டாள்.

அவளுக்குப் பதினான்கு வயதானபோது எத்துப்பல்லுக்குக் கம்பி கட்டுவதென முடிவாயிற்று. நானே அவளைத் தேனிக்கு அழைத்துச் சென்றேன். மருத்துவர் இளைஞர்; பணிவுடையவர். "ஐயா, குழந்தைக்கு எப்பொழுதாவது முன்பல்லில் அடிபட்டதுண்டா?" என்று கேட்டார். அருகில் என் மகன் நின்றான். "இல்லை" என்றேன். அவர் அதனை ஏட்டில் எழுதிக்கொண்டார்.

ஆறு திங்கள் சென்றபின் மருத்துவர் மீண்டும் ஒரு படம் எடுத்து, முதற்படத்தோடு அதனைச் சேர்த்து ஒளிப்பலகையில் வைத்துக் காட்டினார். இடப்பக்கத்து நடுப்பல்லின் வேர்நுனி மழுங்கியிருந்தது. அதன் இணையான வலப்பக்கப் பல்லின் வேர் கூர்மை கெடாமல் இருந்தது. "ஒரே கம்பி, ஒரே விசை, இந்த ஒன்று மட்டும் ஏன் இப்படி என்று எனக்கு விளங்கவில்லை, ஐயா" என்றார். எனக்கு விளங்கிற்று. என் மகனும் பேத்தியும் கேட்கவே அன்று மாலை நிகழ்ந்ததைச் சொன்னேன். என் மகன் ஒன்றும் பேசவில்லை. "படியில் விழுந்தது எனக்கு நினைவே இல்லை, தாத்தா" என்றாள் பேத்தி. மருத்துவர் முதலில் எழுதிய "இல்லை" என்பதை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

அடிபட்ட பல்லில் நிகழ்வது இது. வீழ்ச்சியின் அதிர்ச்சியால் வேரைச் சூழ்ந்த படலம் ஆங்காங்கு நைந்து, காப்புப் பூச்சிலும் நுண்ணிய சிதைவு ஏற்பட்டிருக்கும். சிறிய காயமாயின் அது தானே ஆறிவிடும். வெளியே பார்ப்பதற்குப் பல் முழு நலமுடையதாகத் தோன்றும். சில பற்களில் வேர் கரைதல் அப்பொழுதே தொடங்கியிருத்தலும் உண்டு. அத்தகைய பல்லின்மேல் கம்பியின் விசை ஏறும் பொழுது, ஏனைய பற்களைவிட அது மிகுதியும் கரையும் வாய்ப்பு உண்டு. அடிபட்ட பல்லுக்குக் கம்பியே கட்டலாகாது என்பதில்லை. மருத்துவர்க்குச் செய்தி தெரிந்திருப்பின், காயம் ஆறுதற்குரிய காலம் கழித்துத் தொடங்குவார். விசையை மேலும் மென்மையாக்குவார். அப்பல்லை மட்டும் அடிக்கடி படமெடுத்து நோக்குவார். செய்தி தெரியாதவிடத்து இவற்றுள் ஒன்றும் நடவாது.

வாய்ப்பழக்கங்களையும் மருத்துவர் வினவுவர். நகம் கடித்தல், எழுதுகோலின் மூடியை மெல்லுதல், விழுங்கும்போது நாவால் முன்பற்களைத் தள்ளுதல் ஆகியவை பல்லை ஓயாமல் முன்னும் பின்னும் அசைக்கின்றன. கம்பியின் விசையோடு இவ்வசைவும் சேருங்கால் வேருக்கு ஆறும் பொழுது கிடைப்பதில்லை. ஈளைநோய் என்னும் ஆஸ்துமா உடையவர்க்குக் கடைவாய்ப் பற்களில் வேர்க்கரைவு சிறிது மிகுதியாக இருத்தலைச் சிலர் கண்டுள்ளனர். எல்லா ஆய்வுகளும் அதற்கு உடன்படவில்லை. இன்னொரு நிலைமையும் உண்டு. மேல்வரிசைக் கோரைப்பல் சிலர்க்கு வெளிவராமல் எலும்பினுள்ளேயே கோணலாகக் கிடந்து, பக்கத்து வெட்டுப்பல்லின் வேரை முட்டிக் கரைத்துவிடும். இதற்குக் கம்பியின்மேல் பழி போடுதல் தகாது. கம்பி கட்டுமுன்னரே நிகழ்ந்துவிடுவது அது.

வீணாக அஞ்சப்படும் செய்திகளும் சில உள. வேர்ச்சிகிச்சை செய்துகொண்ட பல் கம்பிக்கு ஆற்றாது எனப் பலர் எண்ணுவர். ஏனைய பற்களைவிட அது மிகுதியாகக் கரைவதில்லை என்பதே ஆய்வின் முடிவு. வேர் முழுதும் வளராத இளம்பல்லும் அவ்வாறே. அதிற் கரைவு குறைவாகவே காணப்படுகின்றது. கம்பியின்றிக் கழற்றி மாட்டும் தெளிந்த உறைகளை அணிந்தால் இத்தீங்கு அறவே நேராது என்பாரும் உளர். பல்லை நகர்த்தும் கருவி எதுவாயினும் விசை விசையே. அவ்வுறைகளாலும் வேர் கரைதல் உண்டு.

இதுகாறும் கூறியவை அணிபவர் பக்கத்துக் காரணங்கள். மருத்துவத்தின் பக்கத்தும் காரணங்கள் உள. அவற்றுள் முதலாவது விசையின் மிகுதி. ஆத்திரிய நாட்டு அறிஞர் சுவார்ட்சு 1932ஆம் ஆண்டிலேயே இதற்கோர் அளவு கூறினார். நுண்குழாய்களில் ஓடும் குருதியின் அழுத்தத்தை விசை மிஞ்சலாகாது என்பதும், அதற்குரிய அளவு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம் என்பதும் அவர் கொள்கை. வாயினுள் அத்துணை நுட்பமாக அளத்தல் இயலாதாயினும், மெல்விசையே நல்விசை என்னும் அக்கருத்தைப் பிற்கால ஆய்வுகளும் வலியுறுத்துகின்றன. கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களில் இளங்கொடியைப் பந்தற் கம்பியில் ஏற்றுவோர் அதனை ஒரே நாளில் வளைத்துக் கட்டுவதில்லை. நாள்தோறும் சிறிது சிறிதாகவே திருப்புவர். "சீக்கிரம் முடித்துவிடுங்கள்" என மருத்துவரை நெருக்கும் பெற்றோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

அடுத்தது பல் நகரும் தொலைவும் திசையும். கடைவாய்க்கு முன்னுள்ள பற்களைப் பிடுங்கி இடம் உண்டாக்கி, முன்பற்களை நெடுந்தொலைவு பின்னுக்கு இழுக்குங்கால் வேர்நுனியும் நெடுந்தொலைவு செல்லவேண்டியதாகின்றது. அதற்கேற்பக் கரைவும் மிகுகின்றது. பல்லை ஈற்றுக்குள் அமிழ்த்தும் திசையே யாவற்றினும் இடர் மிக்கது. அமிழ்த்தும்போது கூம்பிய வேரின் நுனி, உளிபோல் எலும்பினுள் அழுத்தப்படுகின்றது. ஒரே ஆளின் வாயில் ஒரு பக்கத்துப் பல்லை அமிழ்த்தியும் மறுபக்கத்துப் பல்லை வெளியே இழுத்தும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2005இல் வெளிவந்தது. அமிழ்த்திய பல்லின் வேர் ஏறத்தாழ நான்கு மடங்கு மிகுதியாகக் கரைந்திருந்தது. பல்லின் தலையை நிறுத்திவிட்டு வேரை மட்டும் உள்நோக்கித் திருப்புதலும் நுனிக்கு இன்னலே. இனிக் காலம்: கம்பி வாயில் இருக்கும் காலம் நீள நீள இழப்பும் பெருகும் என்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. குறித்த நாளிற் செல்லாமலும், கம்பியை உடைத்துக்கொண்டும், இரப்பர் வளையங்களை மாட்டாமலும் ஓராண்டுப் பணியை மூன்றாண்டாக்கும் மாணவர் இதனைக் கவனிக்க.

இவற்றைக் கேட்டு எவரும் அஞ்சி நடுங்க வேண்டுவதில்லை. பெரும்பாலார்க்குக் குறையும் அளவு ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் அளவிலேயே நின்றுவிடும். வேரின் மூன்றிலொரு பங்குக்கு மேல் இழப்பதே கொடியது. அது நூற்றில் ஐந்து பற்களுக்கு மேற்படாது, பெரும்பாலும் அதனினும் குறைவு. மேலும், வேர் கூம்பு வடிவினது ஆதலின், நுனி மெலிந்த பகுதி. பல்லைத் தாங்கும் பிடிப்பில் அதன் பங்கு சிறிது. நுனியில் 3 மில்லிமீட்டர் குறைவதும், ஈற்றோரத்து எலும்பில் 1 மில்லிமீட்டர் குறைவதும் பிடிப்பைப் பொறுத்தவரை ஏறத்தாழ ஒன்றே. வேர் குறுகியவர்க்கு ஈற்றுநோயும் வந்து சேர்ந்தால் பிடிப்பு இருபுறமும் தேய்வதை இதனால் உணரலாம். பல் துலக்குதலில் ஏனையோரைவிட அவர்க்குக் கவலை மிகுதியும் வேண்டும். வேர் கரைந்தவர்களைச் சராசரி 14 ஆண்டுகள் கழித்துத் தேடிப்பிடித்து ஆராய்ந்த முடிவு அமெரிக்காவில் 1989இல் வெளிவந்தது. மிகச் சில பற்களே ஆட்டம் கண்டிருந்தன. கம்பியை எடுத்தவுடன் கரைவு நின்றுவிடுகின்றது என்பதும் அதனாற் புலனாயிற்று.

ஆகவே செய்ய வேண்டுவன சிலவே. கம்பி கட்டுமுன் எல்லாப் பற்களின் வேரும் தெரியும் படம் ஒன்று எடுத்தல் வேண்டும். ஆறு முதல் ஒன்பது திங்களுக்குள் முன்பற்களை மீண்டும் படமெடுத்தல் வேண்டும். இவ்விரண்டாவது படத்தின் அருமையை 1988இல் சுவீடன் நாட்டு மருத்துவர் லெவாண்டர், மால்ம்கிரேன் ஆகிய இருவரும் விளக்கினர். அப்படத்தில் வேர்நுனி கெடாதிருப்பின், பின்னர்ப் பெருங்கரைவு நேர்தல் அரிது. சிறிது கெட்டிருப்பின் அப்பல்லே பின்னர் மிகுதியும் கரையும் அச்சமுண்டு. அவ்வாறு கெட்டிருப்பின் என் செய்வது? விசையற்ற கம்பியை மட்டும் விட்டுவைத்து இரண்டு அல்லது மூன்று திங்கள் பல்லுக்கு ஓய்வளித்தல் வேண்டும். அக்காலத்தில் மடிந்த திசு அகற்றப்பட்டு, வேரின் குழிகள் புதிய பற்காரையால் மூடப்படுகின்றன. இடையே ஓய்வளித்த பற்கள், ஓய்வின்றி நகர்த்தப்பட்ட பற்களைவிடக் குறைவாகவே கரைந்தன என்பதை 1994இல் வெளியான அவர்களது மற்றோர் ஆய்வு காட்டிற்று. ஓய்வுக்குப் பின் மெல்விசையோடு தொடரலாம். அல்லது எண்ணிய திருத்தம் யாவும் முற்றுப்பெறாவிடினும் போதுமென்று நிறுத்திக்கொள்ளலாம். எது தக்கது என்பதை மருத்துவரும் பல்லுக்கு உரியவரும் கூடித் தீர்மானித்தல் வேண்டும்.

என் பேத்தியின் பல்லுக்கு மூன்று திங்கள் ஓய்வளித்தனர். அதன்பின் இழுக்கும் விசையைக் குறைத்து, மேல்வரிசையை மட்டும் ஒழுங்குசெய்து கம்பியை எடுத்துவிட்டனர். கீழ்வரிசையில் பல் ஒன்று சற்றுத் திரும்பியே நிற்கின்றது. அதனை நேராக்க இன்னும் ஓராண்டு வேண்டுமென்று மருத்துவர் கூறியபோது அவளே வேண்டாமென்றாள். ஆண்டுக்கொரு முறை அந்த நடுப்பல்லைப் படமெடுக்கின்றனர். சென்ற ஆண்டுப் படத்தில் அதன் வேர், கம்பி எடுத்த நாளில் இருந்த நீளத்திலேயே இருந்தது.